இடது பக்கத்தில் இல்லாத பறவை

அன்றைக்கு அந்தக் காட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையின் பொறுப்பாளர் ரெகுலா. சமையல்காரர் மிர்கோ. பாத்திரம் கழுவும் பகுதியில் முன்பு என்னோடு நின்ற எரித்திரியாக்காரர் தெஸ்ஃபாய். சலாட் வெட்டுகிற எங்களுடைய ராணியக்கா. பிறகு நான். மொத்தம் ஐந்து பேர்.

ஆறாவதாக ஒரு பறவையும் இருந்தது என்று மற்ற நான்கு பேரும் சொன்னார்கள். அதை நான் அன்றைக்கு நம்பவில்லை.

இது இரண்டு கோடைக்கு முந்தைய விஷயம். வருடத்தில் ஒரு நாள் வேலையாட்களை எங்காவது கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு கொடுப்பது இந்த சுவிஸ் நாட்டு வழக்கம். அந்த முறை சோலோதுர்ன் நகரத்துக்கு மேலே ஜூரா மலைச்சரிவில் இருக்கிற காட்டுக்கு நடந்து போய், நெருப்பு மூட்டி, செர்வலா என்கிற சொசேஜைக் குச்சியில் குத்திச் சுட்டுச் சாப்பிடுவது என்று திட்டம்.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் குணம் தெரியும். அலுவலகங்கள் அனுப்புகிற, ஜன்னல் வைத்த கடித உறை வந்தால், திறப்பதற்கு முன்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவன் நான். அழைப்பு வந்த நாளிலேயே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. ஏன் காடு? ஏன் எங்கள் காலைக் குழு ஐந்து பேர் மட்டும்?

சமையலறைக்குப் புதிய கழுவும் இயந்திரம் வரப்போகிறது என்று ஒரு கதை உலாவியது. அது வந்தால் ஓர் ஆள் குறையும். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பென்சனுக்கு இன்னும் மூன்று வருடம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனை, அந்த வயதில் வெளியே அனுப்பினால், இந்த நாட்டில் யார் வேலைக்கு எடுப்பார்கள்?

"சாப்பாடு தந்துபோட்டுத்தான் சொல்லப்போகினம்," என்று மனைவி சாந்தியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு ஆராவது சோறு போட்டாலும் பயம், போடாட்டிலும் பயம்," என்றாள் அவள்.

காடு குளிராக இருந்தது. கிறிஸ்மஸ் மரம் என்று நாங்கள் சொல்கிற ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நின்றன. கீழே காய்ந்த ஊசிகள் மெத்தைபோலக் கிடந்தன. கால் வைத்தால் அமிழ்ந்தது. பிசின் மணம் மூக்கில் ஏறியது.

முன்னால் நடந்த ரெகுலா திடீரென்று நின்று கையைத் தூக்கினார். வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"கோல்ட்ஹென்ஷன்!"

தங்கச் சேவல்குஞ்சு என்று அர்த்தமாம். ஐரோப்பாவிலேயே ஆகச் சின்னப் பறவை. ஒரு ஃபிராங்க் காசுக் குற்றியை விடக் கொஞ்சம்தான் பாரம். ஊசியிலை மரத்தை விட்டு அதிகம் வெளியே வராது. இதையெல்லாம் ரெகுலா எங்களுக்குக் குசுகுசுவென்று சொன்னார். பாதி விளங்கியது. மீதியைப் பிறகு ராணியக்கா சொன்னா.

நான் காதைக் கொடுத்து நின்றேன். ஒன்றும் இல்லை. தூரத்தில் விமானம் ஒன்று போனது. என் மூச்சு கேட்டது.

மிர்கோ மேலே பார்த்துச் சிரித்தார். ராணியக்கா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டா.

"ஐயோ, என்ன வடிவாப் பாடுது. ஊசி நுனியாலை கண்ணாடியிலை கீறின மாதிரி. தம்பி, உமக்குக் கேக்குதோ?"

"ஓம் ஓம், நல்லாக் கேக்குது."

ரெகுலா என் பக்கம் திரும்பினார். எந்தப் பக்கமிருந்து வருகிறது, சிவா, என்று கேட்டார். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல் இடது பக்கம் கையைக் காட்டினேன்.

ராணியக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அது வெட்டி அடுக்கின மரக்குத்தியெல்லோ, தம்பி. பறவை என்ன, விறகு பொறுக்கவோ வந்தது?"

மிர்கோவும் சிரித்தார். ரெகுலா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது, நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத தெஸ்ஃபாய், தன் கையை நான் காட்டிய அதே பக்கம் நீட்டினார். "இரண்டு," என்றார் ஜெர்மனில். "அங்கேயும் ஒன்று இருந்தது. பறந்துவிட்டது."

இல்லாத பறவைக்கு இவன் இன்னொரு பறவையை ஏன் சேர்க்கிறான்? எல்லோருமாகக் கதைத்துப் பேசி வைத்திருக்கிறார்கள். காட்டில் பறவையே இல்லை. இந்தக் கிழவன் எதற்கும் ஓம் போடுகிறவனா என்று பார்க்க ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். நான் காலை உள்ளே விட்டுவிட்டேன்.

நெருப்பின் அருகே அன்றைக்கு ராணியக்கா கொண்டுவந்த கோழி றோல்ஸ் இரண்டு சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. ரெகுலாவும் மிர்கோவும் புகைக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ பேசினார்கள். வாய் அசைந்தது. ஒரு தடவை இருவரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள்.

யா, யா

ஏன் கேட்டது என்று சொன்னாய் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நான் பழைய இடத்துக்குப் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் போன முதல் வேலை நெல் ஆலையில். அங்கே இயந்திரம் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. முதலாளி வந்து ஏதாவது சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம். அவர் போன பிறகு, என்ன சொல்லியிருப்பார் என்று ஆளுக்கு ஆள் ஊகித்து, அதைச் செய்வோம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அரிசி ஆலையில் அப்படி எத்தனை விதமான உத்தரவு இருக்க முடியும்?

சுவிசுக்கு வந்த பிறகும் அதே வித்தைதான் கைகொடுத்தது. அகதி முகாமில் இருந்தபோது ஒரு பெண்மணி என்னிடம் நீளமாக ஏதோ கேட்டார். "யா, யா," என்றேன். எனக்குச் சமையல் தெரியுமா என்று கேட்டாராம். ஒரு மாதத்தில் சூக் நகரத்தில் ஒரு பெரிய உணவகத்துச் சமையலறையில் நின்றேன். முட்டை அவிக்கத் தெரியாத என்னைப் பார்த்துத் தலைமைச் சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு, பாத்திரம் கழுவ விட்டார். அன்றைக்குத் தொட்டது. முப்பது வருடத்துக்கு மேல் நீராவிக்கும் தட்டுச் சத்தத்துக்கும் நடுவில் நின்றுவிட்டேன்.

எங்களில் நிறையப் பேர் இப்படித்தான். விளங்கவில்லை என்று சொன்னால் மட்டமாக நினைப்பார்கள் என்று பயம். யா, யா என்றால் ஆள் சிரித்துக்கொண்டு போய்விடுவார். பிறகு பார்க்கலாம். அந்தப் பிறகு சில நேரம் முப்பது வருடம் கழித்துக் காட்டில் வந்து நிற்கும்.

பொத்தான் அழுத்துகிற கை

தெஸ்ஃபாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் கழுவும் இயந்திரம் ஒரு சின்ன பஸ் அளவு இருக்கும். பட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் அழுக்குத் தட்டு போகும், மறுபக்கம் சுத்தமாக வரும். ஏதாவது சிக்கினால், கழுவுகிற மருந்து முடிந்தால், நின்றுவிடும். ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் ஓட விட வேண்டும். ஒரு காலத்தில் நிற்கும்போது பீப் என்று கத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு அந்தச் சத்தத்தைக் காணவில்லை. பழுதாகியிருக்கும், செலவுக்குப் பயந்து திருத்தாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தெஸ்ஃபாய் வந்து ஒரு வருடம் என்னோடு நின்றார். நாற்பது வயது இருக்கும். நான் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து ஒரு கறுத்த நீளமான கை வரும், பொத்தானை அழுத்தும், போய்விடும். ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாளில் பத்துத் தடவை, பதினைந்து தடவை.

அது என் பக்கம். என் பொத்தான். இவன் ஏன் ஓடி ஓடி வந்து அழுத்துகிறான்? கிழவனுக்கு வேலை ஓடவில்லை என்று ரெகுலாவுக்குக் காட்டத்தான். இளையவன், சம்பளமும் குறைவு, என் இடம் அவனுக்கு வசதி. நான் இரவில் படுத்துக்கொண்டு அந்தக் கையையே நினைப்பேன்.

மாரிக் குளிர் முடிகிற நேரம் ஒரு நாள் ரெகுலாவிடம் போனேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். "அவன் எப்போதும் என் இயந்திரத்தை அழுத்துகிறான். எனக்கு வேலை செய்ய விடவில்லை. அவனோடு நிற்க முடியாது."

ரெகுலா சண்டை பிடிக்காத மனிதர். அடுத்த வாரமே தெஸ்ஃபாயைக் குளிர் அறைக்கு மாற்றிவிட்டார். அங்கே கிழமை நாட்களில் மட்டும்தான் வேலை, சனி ஞாயிறு இல்லை. நான் வென்றுவிட்டேன் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சொக்லேட் வாங்கினேன்.

அதற்குப் பிறகுதான் வினை தொடங்கியது. இயந்திரம் அடிக்கடி நின்றது. நான் திரும்பிப் பார்க்கும்போது தட்டுகள் மலைபோலக் குவிந்திருக்கும். ரெகுலா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்ப்பார். மற்றவர்கள் கதைப்பது எனக்கு முணுமுணுப்பாகத்தான் வந்தது. நான் கிட்டப் போனால் நிறுத்திவிடுவார்கள். எல்லாம் தெஸ்ஃபாயின் வேலை, வெளியே இருந்துகொண்டு ஏதோ கிளப்பிவிடுகிறான் என்று முடிவு கட்டினேன்.

இந்த நிலைமையில்தான் காட்டுக்குப் போனது.

சாட்சிக்கு மனைவி

அடுத்த ஞாயிறு சாந்தியைக் கூட்டிக்கொண்டு அதே காட்டுக்குப் போனேன். அந்த இடத்தில் பறவை இல்லை என்று ஒரு சாட்சியோடு உறுதிப்படுத்திக்கொள்வதுதான் நோக்கம். அவளிடம் நடக்கப் போவோம் என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் இருந்து இறங்கியதும் அவளும் சந்தேகமாகத்தான் என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் நான் அவளை நடக்கக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

மரக்குத்திகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றோம்.

"கேக்குதோ?" என்றேன்.

"என்னது?"

"ஏதாவது."

"ஒரு குருவி கத்துது. சீ சீ எண்டு, மெல்லிசா."

"சும்மா சொல்லாதையும்."

"இஞ்சை மட்டும் வந்து நான் ஏன் உங்களுக்குப் பொய் சொல்லோணும்?"

"ராணியக்கா உமக்குப் போன் எடுத்தவவோ?"

"ஓ, எடுத்தவ. குருவி கேட்டதெண்டு சொல்லச் சொல்லிக் காசும் தந்தவ."

அந்த நேரத்தில் நான் அதைக் கண்டேன்.

எங்களுக்கு முன்னால், தாழ்ந்த ஒரு கிளை நுனியில், பச்சை நிறத்தில் ஏதோ அசைந்தது. முதலில் காய்ந்த கொப்பு என்றுதான் நினைத்தேன். என் பெருவிரல் அளவு. உருண்டையான உடம்பு, பெரிய கறுப்புக் கண். தலையில் இரண்டு கறுப்புக் கோட்டுக்கு நடுவே மஞ்சள் கீறல், பிள்ளைகள் கலர் பென்சிலால் இழுத்துவிட்டதுபோல. ஊசிகளுக்கிடையே தலைகீழாகத் தொங்கி எதையோ கொத்தியது. பிறகு நேராக நின்று வாயைத் திறந்தது.

தொண்டை துடித்தது. சின்ன உடம்பு முழுவதும் நடுங்கியது. அவ்வளவு பலத்தோடு பாடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு டிவி பார்ப்பதுபோல இருந்தது.

அப்போதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் சாந்தியைப் பறவைக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினேன்.

"உமக்குக் கேக்கிற நேரம் கையைத் தூக்கும். நிண்டவுடனை கீழை விடும்."

"உங்களுக்கு விசர்," என்றாள். ஆனால் திரும்பி நின்றாள்.

பறவை வாயைத் திறந்தது. சாந்தியின் கை மேலே போனது. வாய் மூடியது. கை இறங்கியது. மீண்டும் திறந்தது, கை ஏறியது. அவளுக்குப் பின்தலையில் கண் இல்லை. ஏழு தடவை பார்த்தேன். ஏழு தடவையும் ஒரு நொடி பிசகவில்லை.

"கை நோகுது. இன்னும் எத்தினை தரம்?"

நான் மரக்குத்தியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வந்து பக்கத்தில் இருந்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ரண்டு வருசமாச் சொல்லுறன், காதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ எண்டு."

"எப்ப சொன்னீர்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

கண்ணாடிக் கூடு

காது பார்க்கிற இடத்தில் என்னை ஒரு சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருத்தினார்கள். காதில் மூடி, கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நான் கொஞ்சம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மரியாதைக்கு ஒரு தடவை அழுத்தினேன். வெளியே இருந்த பெண் மைக்கில் பொறுமையாகச் சொன்னார்: "நான் இன்னும் தொடங்கவில்லை."

முடிவில் ஒரு தாளைக் காட்டினார். கோடு ஒன்று இடப்பக்கம் நேராகப் போய், நடுவில் மலைச்சரிவுபோலக் கீழே விழுந்திருந்தது. தடித்த சத்தம் கேட்குமாம். மெல்லிய, உயரமான சத்தங்கள் பல வருடமாகவே போய்விட்டனவாம். பேச்சு கேட்கும், ஆனால் தெளிவாக இருக்காது. ஆட்கள் முணுமுணுப்பதுபோலத் தோன்றும். பீப் சத்தம்? அதுவும் அந்தச் சரிவில்தான் இருந்தது.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். அந்தக் கறுத்த நீளமான கை நினைவுக்கு வந்தது. ஒரு நாளில் பத்துத் தடவை, பதினைந்து தடவை.

மறுநாள் ரெகுலாவிடம் தாளைக் கொடுத்தேன். இயந்திரம் கத்துவது எனக்குக் கேட்பதில்லை, தெஸ்ஃபாய் எனக்காக அழுத்தினார், நான் அதைப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றேன். இந்த ஒரு வசனத்தை முதல் நாள் இரவு சாந்தியின் முன்னால் பலமுறை சொல்லிப் பழகியிருந்தேன்.

ரெகுலா வெகுநேரம் தாளைப் பார்த்தார். தெஸ்ஃபாய் போன பிறகும் நான் ஏதோ கோபத்தில் வேண்டுமென்றே இயந்திரத்தை நிற்க விடுகிறேன் என்று நினைத்தாராம். மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்துக் காட்டினார். ஜன்னல் வைத்த உறை. என் பெயர் தெரிந்தது. ஆக, என் பயம் முழுக்க வீண் இல்லை. வேலையை விட்டு நிறுத்துகிற கடிதம், அடுத்த கிழமை தருவதாக இருந்ததாம். அதை மீண்டும் இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, இயந்திரத்துக்கு ஒரு சிவப்பு விளக்குப் பூட்டச் சொல்வதாகச் சொன்னார். அந்த உறையைக் கிழித்தாரா, இன்றுவரை உள்ளேயே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

தெஸ்ஃபாயை மீண்டும் என் பக்கத்தில் விட முடியுமா என்று கேட்டேன். அவரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அவர் வந்தார்.

காதுக்கு இயந்திரம் பூட்டி வேலைக்குப் போன முதல் நாள், அந்த பீப் சத்தத்தைக் கேட்டேன். எவ்வளவு கேவலமான சத்தம்! பல்லுக்குள் ஊசி விட்டதுபோல. ஒரு வருடம் இதைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், ஒரு மனிதன் ஓடி ஓடி வந்திருக்கிறான்.

காட்டுக்கும் போய்ப் பார்த்தேன். அந்தப் பறவையின் சத்தம் என் இயந்திரத்துக்கும் எட்டாத உயரமாம். காது பார்க்கிற பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தார். என் சட்டைக்கை உரசுவது கேட்டது. ஊசிகள் காலுக்குக் கீழே நொறுங்குவது கேட்டது. பறவை வாயைத் திறந்து மூடியது, அவ்வளவுதான்.

கோப்பி

தெஸ்ஃபாயிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒரு ஞாயிறு, இடைவேளையில், கோப்பி இயந்திரத்துக்கு முன்னால் இருவரும் நின்றோம். எங்கள் இருவருக்கும் ஜெர்மன் ஒரே அளவுதான். நீ என்பதைத் தவிர வேறு மரியாதை அதில் இல்லை.

"காட்டிலை இடது பக்கம் பறவை இருந்ததோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பிறகேன் இருந்தது எண்டு சொன்னாய்?"

"எல்லாரும் சிரிச்சினம். நீ தனிய நிண்டாய்."

"என்ரை காது உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் மாசம்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீ மறைக்கிறாய் எண்டு நினைச்சன். நீ மறைச்சா நானும் மறைக்கோணும்தானே."

அவருக்கு நான் மறைக்கவில்லை, தெரியாமல்தான் இருந்தேன் என்று விளங்கப்படுத்த முயன்றேன். சிரித்தார். அது எப்படி ஒருவருக்குத் தன் காது தெரியாமல் போகும் என்று அவருக்கு இன்றைக்கும் சந்தேகம்.

"செஃபினிட்டை உன்னைப் பற்றிச் சொன்னது நான்தான்," என்றேன். செஃபின் என்றால் எங்கள் பொறுப்பாளர் ரெகுலா.

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் குளிர் அறைக்குப் போன நாள் நீ என்ரை முகத்தைப் பாக்கேல்லை."

தெரிந்துகொண்டும் காட்டில் எனக்காக ஒரு பறவையைப் பறக்க விட்டிருக்கிறார். பையில் இருந்த உறையை எடுத்து நீட்டினேன். அதில் இருந்த காசுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஞாயிறு வேலைக்கு எங்களுக்கு மணிக்கு ஏழு ஃபிராங்க் கூடக் கிடைக்கும். எட்டு மணித்தியாலத்துக்கு ஐம்பத்தாறு. என்னால் அவர் மாதம் இரண்டு ஞாயிறு வீதம் நான்கு மாதம் இழந்தார். எட்டு ஞாயிறு. நானூற்று நாற்பத்தெட்டு ஃபிராங்க்.

தெஸ்ஃபாய் உறையை வாங்கி, திறக்காமல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்தார்.

"ஒரு கோப்பி வாங்கித் தா."

வாங்கிக் கொடுத்தேன். பால் போட்டது, நான்கு ஃபிராங்க் ஐம்பது ராப்பன்.

காசை ஏன் வாங்கவில்லை, அதில் என்ன உள்நோக்கம் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். பழகிய மனம், சும்மா இருக்காது. மூன்றாம் நாள் மீண்டும் நீட்டினேன். வாங்கவில்லை. கிறிஸ்மஸுக்கும் நீட்டினேன். வாங்கவில்லை. உறையை அவருடைய அலுமாரிக்குள் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அது என் அலுமாரிக்குள் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். குறையவில்லை.

அந்தக் கோப்பியைக் கழித்தால், இன்றைய தேதியில் நான் தெஸ்ஃபாய்க்கு இன்னும் கொடுக்க வேண்டியது நானூற்று நாற்பத்து மூன்று ஃபிராங்க் ஐம்பது ராப்பன்.